அந்தப் படம் எங்கே?

உங்கள் வீட்டில் எத்தனை ஊறுகாய் ஜாடி இருக்கிறது, அவற்றில் எதில் எலுமிச்சை, எதில் நார்த்தங்காய் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். இருட்டில் கையை நீட்டினால்கூட கடுகு டப்பா எது, வெந்தய டப்பா எது என்று விரலுக்குத் தெரியும். ஆனால் அம்மணி, உங்கள் கைபேசியில் எத்தனை படங்கள் இருக்கின்றன?

"பதினோராயிரம் இருக்கும், இல்லை, பன்னிரண்டாயிரமோ என்னவோ!" என்பீர்கள். போகட்டும். அந்தப் பன்னிரண்டாயிரத்தில், உங்கள் மாமியார் வாய்விட்டுச் சிரித்தபடி இருக்கும் அந்த ஒரே ஒரு படத்தை இப்போதே காட்டுங்கள், பார்க்கலாம்! கட்டை விரல் மேலும் கீழும் ஓடுகிறது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் நாற்பது வருகின்றன. மின்சார ரசீது வருகிறது. பையனின் வீட்டுப் பாடம், யாருடையது என்றே தெரியாத ஓர் ஆதார் அட்டை, கை தவறி எடுத்த உங்கள் சொந்தக் கால் எல்லாம் வருகின்றன. மாமியார் மட்டும் வருவதில்லை. "நேற்றுக்கூடப் பார்த்தேனே!" என்கிறீர்கள்.

பார்த்திருப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஃபிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில் ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். அதைக் கழுவ ஒரு செலவு, பிரிண்ட் போட இன்னொரு செலவு. அந்தச் செலவே நம்மைக் கட்டிப்போட்டது. இன்று எடுப்பதற்கும் செலவில்லை, வைத்துக்கொள்வதற்கும் அநேகமாகச் செலவில்லை. தேடுவதற்குத்தான் செலவு. அது காசாகக் கையை விட்டுப் போகாததால் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அந்தக் கணக்கை நான் நேரில் பார்த்த ஊர் செம்பட்டி.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகிற சாலையும், நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒட்டன்சத்திரம், பழநிக்குப் போகிற சாலையும் அங்கே ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஊருக்கென்று இறங்குகிறவர்களைவிட, அங்கே இறங்கி வேறு பஸ்ஸில் ஏறுகிறவர்கள்தான் அதிகம். தை மாதம் வந்தால் பழநிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம். இப்படிப்பட்ட நாற்சந்தியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தால் பிழைக்காமலா போகும்? என் அத்தையின் கணவர், அதாவது என் மாமா, 1976-இல் அங்கே ஒரு ஸ்டூடியோ ஆரம்பித்தார். ஒரு நீலத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு, தலை வாரிக்கொள்ள ஒரு கண்ணாடி, அதன் கீழே ஒரு பவுடர் டப்பா. பாஸ்போர்ட் அளவுப் படம், கல்யாணம், காதுகுத்து, சடங்கு, துக்க வீடு எதற்கும் மாமாதான்.

அவர் 2022-இல் காலமானார். அத்தை கடையை மூடவில்லை. ஒரு பையனை வைத்துக்கொண்டு நடத்தி வருகிறாள். "ஏ மருமகளே, நீ பத்திரிகை ஆபீஸ்ல காகிதத்தோடயே குடும்பம் நடத்துறவ. பத்து நாள் வந்து இந்தக் கடையை ஒழுங்கு பண்ணிக் குடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டாள். 2024-ஆம் வருஷம் ஆடி மாதம் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

போன அன்றைக்கே ஓர் அதிசயத்தைப் பார்த்தேன். சின்னாளபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய அப்பாவை மாமா 1983-இல் படம் எடுத்தாராம். பிரிண்டைக் கரையான் தின்றுவிட்டது. நினைவு நாளுக்குப் பெரிதாக ஒன்று போட வேண்டும். அத்தை அவரை ஸ்டூலில் உட்கார வைத்து ஊரையும் பேரையும் கேட்டாள். பரணிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். அதில் ஐந்து கோடுகள் போட்டிருந்தன: எண், தேதி, பேர், ஊர், விவரம். விரலை ஓட்டினாள். 'விவரம்' என்ற இடத்தில் "வயசானவர், உட்கார்ந்தபடி, அரை உருவம்" என்று மாமாவின் குண்டு எழுத்து. அதற்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, பட்டர் காகித உறையை உருவி, நெகடிவை விளக்குக்கு எதிரே பிடித்தாள். வெள்ளைத் தலை கறுப்பாகவும் கறுப்புத் தோல் வெள்ளையாகவும் ஒரு தாத்தா எங்களைப் பார்த்தார். பையன் டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது! நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்திய படம் என்றால் பாருங்களேன்.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே நின்றாள்.

"ஸ்டூடியோக்காரரு இல்லீங்களா?"

"அவரு காலமாகி ரெண்டு வருசமாச்சும்மா. உள்ள வா. என்ன வேணும்?"

"எம் புள்ளைக்குக் காதுகுத்துனப்ப அண்ணந்தான் வந்து படம் எடுத்தாரு. மாசி மாசத்துக்கு முந்தி. வருசம் 2008-ன்னு நெனக்கிறேன். அதுல ஒண்ணு வேணும்."

ஆல்பம் இல்லையா என்று அத்தை கேட்டாள். கூரை ஒழுகி, ஆல்பம் நனைந்து, படங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டனவாம். பிரித்தால் முகம் உரிந்து வருகிறதாம். "புள்ளைக்கு இப்ப என்ன வயசு?" என்று நான் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. காதுகுத்தின மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னாள். அப்போது ஆறு வயது. வேறு படம் எதுவும் கிடையாது.

அத்தை வழக்கம்போல நோட்டை எடுக்கப் பரணைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். மாமா டிஜிட்டல் காமிரா வாங்கியது 2007-இல். அதோடு நெகடிவ் நின்றது. நெகடிவ் நின்றதோடு நீள நோட்டும் நின்றுவிட்டது. "இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கும்" என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள், மாமாவும் நம்பினார்.

கம்ப்யூட்டர் என்ன பார்த்துக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். ஐந்து ஹார்ட் டிஸ்க், ஓடாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஓடுகிறது ஒன்று, அரிசிப் பை நிறைய சி.டி.க்கள். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் இரண்டு', 'நியூ ஃபோல்டர் மூன்று' என்று பெயர் வைக்காத பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றன. நடுவே 'அர்ஜெண்ட்' என்று ஒன்று. 'பழைய அர்ஜெண்ட்' என்று இன்னொன்று. படங்களுக்கோ காமிரா தானாக இட்ட எண்கள்தான். அந்த எண் 9999 வரைக்கும் போய், திரும்ப 0001-இல் ஆரம்பிக்கிறது. ஆகவே ஒரே பெயரில் ஓர் இடத்தில் மணப்பெண், இன்னோர் இடத்தில் ஒரு துக்க வீட்டுக் கூடம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்கு யோசிக்காமல் 'சரி' என்று தட்டினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

நெகடிவ் நின்ற பிறகும் மாமா விடாமல் எழுதி வந்தது ஒன்றே ஒன்று: ரசீது புத்தகம். முன்பணம் வாங்கினால் ரசீது எழுதியே ஆக வேண்டுமல்லவா? 2008-ஆம் வருஷத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினோம். பிப்ரவரி 10-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண்ணின் கணவர் பேருக்கு எதிரே "காதுகுத்து, கோயிலில்" என்று இருந்தது. தேதி கிடைத்துவிட்டது. இனி என்ன கஷ்டம்? ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் அது எடுக்கப்பட்ட தேதி, மணி, காமிராவின் பெயர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கும். 1995-இல் ஜப்பானில் வகுத்த ஏற்பாடு அது. எக்ஸிஃப் என்று பெயர். படத்தை எத்தனை இடத்துக்குப் பிரதி எடுத்தாலும் அந்தக் குறிப்பு கூடவே போகும். அந்தத் தேதியைக் கொண்டு தேடச் சொன்னோம்.

2008 பிப்ரவரியில் ஒரு படம்கூட இல்லை!

அன்று இரவு அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மனுசன் அழிச்சுட்டாரோ?" என்றாள். மறுநாள் காலையில் அந்தக் கடைப் பையன்தான் ஒன்று சொன்னான். "அக்கா, ஒரு ஃபோல்டர்ல எல்லாப் படமும் 2005 ஜனவரின்னு காட்டுது. அண்ணன் காமிரா வாங்கினது 2007-ன்னு சொன்னீங்களே?"

2007-இல் வாங்கிய காமிரா 2005-இல் எப்படிப் படம் எடுக்கும்? காமிராவுக்குள் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. பாட்டரியை ரொம்ப நாள் கழற்றி வைத்துவிட்டால் அது நின்று, மறுபடி போடும்போது, தொழிற்சாலையில் குறித்த ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். சரி, எவ்வளவு தவறாக ஓடியது? அந்த ஃபோல்டரில் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனோம். ஒரு வளைகாப்பு. கை நிறைய வளையலோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது! பெரிதாக்கிப் பார்த்தோம். ஜனவரி 25, வெள்ளிக்கிழமை, 2008. படத்துக்குள் காமிரா எழுதியிருந்த தேதியோ 2005 ஜனவரி 4. அப்படியானால் காதுகுத்து நடந்த பிப்ரவரி 10 என்பது பதினாறு நாள் கழித்து. காமிராவின் கணக்குப்படி ஜனவரி 20. அந்தத் தேதியில் தேடினால், 'நியூ ஃபோல்டர் ஏழு' என்பதற்குள் நாற்பத்தாறு படங்கள், வேப்ப மரத்தடியில் ஒரு கோயில், தாய்மாமன் மடியில் மஞ்சள் பட்டுப் பாவாடையில் ஒரு குழந்தை.

காலண்டர் தாளை அன்றன்றைக்கு ஒழுங்காகக் கிழித்து வந்த அந்த வளைகாப்பு வீட்டுக்காரர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தாள். நாற்பத்தாறு படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினோம். குழந்தை நேராகப் பார்த்துச் சிரிக்கும் படம் மூன்று நான்கு நன்றாக இருந்தன. ஒன்று மட்டும் மங்கல். ஆசாரி ஊசியை எடுக்கும்போது குழந்தை சட்டென்று தலையைத் திருப்பியதால் முகம் கலைந்திருந்தது. வேறு யார் வீட்டுப் படமாக இருந்தாலும் அதை முதல் நாளே நானோ பையனோ அழித்திருப்போம். அவள் அதைத்தான் காட்டினாள். "பின்னால நாந்தான் நின்னேன். வலிக்குமாம்மான்னு கேட்டுத் திரும்பினா" என்றாள். அத்தை அதையே பெரிதாகப் போட்டுக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

இவ்வளவு தூரம் சொல்லக் காரணம் இருக்கிறது. படம் தொலையவில்லை. பதினாறு வருஷமாக அந்தக் கடையிலேயேதான் இருந்தது. அதை எடுத்துக் கொடுப்பதற்கு ரசீது புத்தகமும், ஒரு தினசரிக் காலண்டரும், அதிர்ஷ்டமும் வேண்டியிருந்தது. 1983-ஆம் வருஷத்துத் தாத்தாவுக்கோ அதிர்ஷ்டம் தேவைப்படவே இல்லை. ஐந்து கோடு போட்ட நோட்டு போதுமாயிருந்தது.

அந்த ஐந்து கோட்டைப் பார்த்தபோது எனக்கு எஸ். ஆர். ரங்கநாதன் ஞாபகம் வந்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானார். நூலக வேலையைக் கற்றுவர லண்டனுக்குப் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். அதே நாலு தகரப் பட்டையையும் திருகாணியையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தரம் பாலம், ஒரு தரம் வண்டி. புத்தகங்களின் விஷயத்தையும் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறைக்கு விதை அதுதான். பிற்பாடு அந்தத் துண்டுகளை அவர் ஐந்து வகையாக்கினார்: முக்கியமான ஆள் அல்லது பொருள், அது ஆன பண்டம், நடக்கும் செயல், இடம், காலம். உலகத்து நூலகர்கள் படிக்கும் பாடம் இது. மாமா அதைப் படித்தவர் அல்ல. கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்பார்கள் என்று யோசித்துக் கோடு போட்டார். கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

வருகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்பதுதான் விஷயம். "நாலாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டாம் எண் படம் வேண்டும்" என்று யாரும் கேட்பதில்லை. "பெரியக்கா வளைகாப்பில், பழைய வீட்டில் எடுத்தது" என்றுதான் கேட்கிறோம். ஆள், செயல், இடம், காலம். அந்த நாலையும் பெயரிலேயே எழுதிவிட்டால் தேட வேண்டியதே இல்லை.

அத்தை கடையில் நாங்கள் செய்ததும் அவ்வளவுதான். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று வெங்காயம் போல அடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. பெயர் இப்படி: முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள், அதன் பிறகு ஊர், பேர், விசேஷம். ரங்கநாதன் காலத்தைக் கடைசியில் வைத்தார். நாங்கள் முதலில் வைத்தோம். வருஷத்தை முன்னால் எழுதினால் கம்ப்யூட்டர் தானே வரிசைப்படுத்திவிடும். நாளை முன்னால் எழுதினால் எல்லா வருஷத்துப் பத்தாம் தேதிகளும் ஒரே கூட்டமாக நிற்கும். மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாக எழுத வேண்டும். பிப்ரவரிக்கு 2 என்று போடாமல் 02. இல்லாவிட்டால் பல கருவிகளில் 1-க்கு அடுத்தபடி 10, 11, 12 எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டு, 2 பின்னால் போய்விடும். பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று 1931-இல் ஒரு விதியே எழுதியவர் ஆயிற்றே!

பெயரைத் தமிழிலேயே எழுதினோம். முன்பு அது முடியாத காரியமாக இருந்தது. கடையில் 2003-இல் யாரோ டைப் அடித்து வைத்த வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று அகப்பட்டது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கூளம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தமிழாகத் தெரியாது. தமிழக அரசு 2010-இல்தான் யூனிகோடை முறைப்படி ஏற்றது. இதற்கென்று இருக்கிற மாற்றுக் கருவியில் போட்டதும் முந்நூறு பேரும் தமிழில் எழுந்து வந்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்பா எழுதி வைத்த கணக்கோ, கடிதமோ அப்படிக் கூளமாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில் எனக்கும் அத்தைக்கும் தினம் ஒரு சண்டை. ஒரே மாதிரி இருபது படம் இருந்தால் இரண்டு போதும் என்பது என் கட்சி. அந்தப் பெண் மங்கல் படத்தைக் கேட்டு வாங்கிப் போன பிறகு என் கட்சி கொஞ்சம் பலவீனப்பட்டுவிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதையும் அத்தை பக்கமே பேசுகிறது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகங்களோடு, மற்றவர்கள் படித்துவிட்டுக் கிழித்துப்போடும் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்றவற்றையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக் கழகம் அந்தத் திரட்டை விலைக்கு வாங்கி, அதைச் சென்னையிலேயே வைத்து 1994-இல் நூலகமாக்கியது. இன்று ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே போய் அந்த நோட்டீஸையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஆனால் சேர்த்ததோடு விட்டிருந்தால் அது குப்பைதான். பட்டியல் போட்டதால்தான் நூலகம்.

கடைசியில் நானும் அத்தையும் ஒரு ராஜிக்கு வந்தோம். அச்சு அசலாக ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். அதைக் கண்டுபிடித்துத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும், அந்த வீட்டுக்காரர் பார்க்காமல் அழிப்பதில்லை. காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு விஷயம், பிரதி. யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981-இல் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. அவற்றை எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்க முடியவில்லை. ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று அந்த நாட்டு நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதியாக்கி வலையில் வைத்து வருகிறது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் போட்டோக்காரர் சொன்ன கணக்கு எளிமையானது: பிரதி மூன்று; அவை இரண்டு விதமான சாதனத்தில்; அவற்றில் ஒன்று வேறு ஊரில். அத்தைக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "நகையை எல்லாம் ஒரே பீரோவிலயா வப்பாங்க?" என்று கேட்டாள். ஒரு பிரதி கடைக் கம்ப்யூட்டரில், ஒன்று வீட்டு பீரோவில் ஹார்ட் டிஸ்க்காக, ஒன்று மதுரையில் மகன் வீட்டில். அரிசிப் பையிலிருந்த சி.டி.க்களில் எத்தனையோ திறக்கவே இல்லை. வீட்டில் பதிவு செய்யும் சி.டி.யில் இருக்கும் சாயப் பூச்சு வருஷப் போக்கில் கெட்டுப்போகும். ஹார்ட் டிஸ்க்கும் சிரஞ்சீவி அல்ல. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் காமிராவைத் துடைத்துப் பொட்டு வைக்கிற அன்றே அந்த மூன்றையும் திறந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

கடைக்காரருக்கு இதெல்லாம் சரி, எனக்கெதற்கு என்கிறீர்களா? உங்கள் கைபேசியும் ஒரு ஸ்டூடியோதான். வாட்ஸப்பில் வருகிற படத்தின் விஷயத்தைப் பாருங்கள். அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கி, உள்ளே இருக்கும் தேதிக் குறிப்பையும் நீக்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அதன் பெயரில் தெரிகிற தேதி, படம் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி. ஆகவே உங்கள் பாட்டி 1962-இல் மணைமேல் உட்கார்ந்திருக்கும் படம், 2024-இல் எடுத்ததாக நடிக்கும். முக்கியமான படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அப்படியே முழுசாக வரும். ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பத்து இடத்தில் போட்டுவைக்காமல், அரசாங்கம் 2015-இல் ஏற்படுத்திய டிஜிலாக்கரில் அவற்றில் எவை கிடைக்கின்றன என்று பாருங்கள். பன்னிரண்டாயிரத்தையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். இன்றைக்கு எடுத்ததற்கு இன்றைக்கே பேர் வையுங்கள். பழசு மெல்ல வரட்டும். ஆனால் பழசில் ஒரு பங்கு அவசரம். யார் யாரென்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அந்தப் படங்களுக்கு முதலில் பேர் எழுதிவிடுங்கள். மாமா எடுத்த கல்யாணப் படங்களில் மணமக்களுக்குப் பேர் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் கிழவிக்கு இல்லை. செம்பட்டியில் அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அத்தை சாயங்காலம் சாயங்காலம் அவர்களைக் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள்.

இன்னும் ஒன்று, சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மாமாவின் கைபேசிக்கு ஒரு பூட்டு எண் உண்டு. அத்தைக்கு அது தெரியாது. அதற்குள் அவர் குரல் இருக்கிறது, பேத்தியைக் கொஞ்சிப் பேசியது. இரண்டு வருஷம் யாரும் நுழையாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்று விதி. 2023 டிசம்பரிலிருந்து அதைச் செயல்படுத்துகிறார்கள். கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்போதே, தாம் இவ்வளவு மாதம் வராவிட்டால் இன்னாருக்கு இதைக் கொடுங்கள் என்று எழுதி வைக்க அதே கணக்கில் 2013 முதல் ஒரு வசதி இருக்கிறது. பத்து பேர் வரைக்கும் குறிக்கலாம். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் பற்றிப் பேசுவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம், "என்ன அபசகுனம்!" என்றால் சொல்லிக்கொள்ளட்டும். மாமாவின் கணக்கைப் பையன் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான்; நல்லவேளை, அவர் அதில் வெளியேறாமலேயே இருந்திருக்கிறார். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. கைபேசி மட்டும் திறக்கவில்லை. அத்தை அதை வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட்டு வைக்கிறாள்.

நான் கிளம்புகிற அன்று அவள் புது நீள நோட்டு ஒன்று வாங்கி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில்தான் எல்லாம் எழுதியாயிற்றே என்றேன். "கரண்ட் போனா?" என்றாள். இந்தத் தடவை ஆறு கோடு. ஆறாவது எதற்கு என்று எட்டிப் பார்த்தேன். 'கூட நிற்பவர்கள்' என்று எழுதியிருந்தது.